நன்றி வரிக்குப் போன உன் பெயர்

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்குக் கீழப்பழுவூரிலிருந்து சித்தப்பா காசிநாதன் எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் சித்தி, நான், போர்வெல் மோட்டார் உட்பட எல்லோரும் நலம். ஜப்பானில் நீயும் நலம் என்று எழுதாதே, நம்பமாட்டேன். இதை உன் அப்பாதான் எழுதியிருக்க வேண்டும். என் அண்ணன் பேனா 'நலம்' என்பதற்கு மேல் ஓடாது, எங்கள் வீட்டுக் கோபம் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது, அதனால் நான் எழுதுகிறேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் மேல் ஆணை, கீழே நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் முதலில் உன்னைத் திட்ட வேண்டும். போனில் என்ன சொன்னாய்? விடுங்க சித்தப்பா, கட்டுரை கடைசியில நன்றின்னு என் பேரைக் கைடு போட்டிருக்காருல்ல, அது போதும், அவரு சிபாரிசுக் கடிதம் தரலன்னா நம்ம நாட்டுல எனக்கு வேலையே கிடைக்காது என்றாய். போதுமா? மூன்று வருஷம், மூன்று தீபாவளி, டிடெக்டர் பக்கத்திலேயே கிடந்து அணுக்கரு எந்த வேகத்தில் சிதைகிறது என்று அளந்தவள் நீ. நீ விமானம் ஏறினதும் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டின கைடு, அந்த மகானுபாவர், கட்டுரையை வெளியிட்டார். உன் தங்கச்சி ஜெயசித்ரா அரியலூரில் பிரிண்ட் போட்டு வந்து காட்டினாள். மேலே நான்கு பெயர். முதலில் அவர், அடுத்து அவர் மருமகன், பிறகு ஆராய்ச்சிக்கூடத்துக்கே வழி கேட்டுத்தான் போகக்கூடிய இரண்டு பேர். உன்னைத் தேடித் தேடி என் மூக்குக்கண்ணாடி தேய்ந்து போயிற்று. கடைசிப் பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் கிடந்தாய். ராசாத்தி அக்கா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை நான்காவது வரிக்குத் தள்ளினார்கள் என்று பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தவன் நான். நம் ஊர்ப் பத்திரிகையில் கடைசி வரி யாருக்கு? அச்சடித்துக் கொடுத்த பிரஸ்ஸுக்கு. உன்னை அங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான், இனி அவனுக்கென்ன மரியாதை, நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு போதும் என்கிறாய். அந்தக் கட்டுரையை இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றனவாம், அத்தனையிலும் அவன் பெயர்தான் மணக்கிறது. கம்ப்யூட்டரில் உன் பெயரைத் தட்டிப் பார்த்தால் நான்கு கட்டுரை, முப்பத்தொரு மேற்கோள். வேலைக்கு எடுக்கிறவன் அந்த எண்ணைப் பார்ப்பானா, உன் அடக்க ஒடுக்கத்தைப் பார்ப்பானா? நன்றிக்கு ஒரு எண்ணும் ஏறாது என்று ஜெயசித்ரா அடித்துச் சொல்கிறாள்.

இப்போது கதை. சென்ற வெள்ளிக்கிழமை அவன் பெரம்பலூரில் ஜெயசித்ரா எம்.எஸ்சி. படிக்கிற காலேஜில் துறை விழாவுக்குச் சிறப்பு விருந்தினனாக வந்தான், பெற்றோரும் வரலாம் என்று அழைப்பு. விடுவேனா? தா.பழூரிலிருந்து நாற்பது டிராக்டர் ஆள், கேட்டை மறிக்க ரெட்டிபாளையத்திலிருந்து இருபது சிமெண்ட் லாரி, அறுபது அடி பிளெக்ஸில் உன் படம். நான் எழுந்து நின்றதும் மின்விசிறிகள் மரியாதைக்காக நின்றன. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைத் தலைப்பையும் ஒரே மூச்சில் படித்தேன், ஐந்தாவதிலேயே பிரின்சிபால் மயங்கினார். உன் கைடுக்கு வழிந்த வியர்வையில் மேடைக் கம்பளத்திலேயே சம்பா நாற்று விட்டிருக்கலாம். எல்லாம் அந்தப் பொண்ணு செஞ்சதுங்க, என்னை விட்டுடுங்க என்று மைக்கைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அழுத கண்ணீரை நான்கு குடத்தில் பிடித்து வெளியே ஊற்றினோம்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏண்டா காசி, புள்ளைக்கிட்டப் போயி இப்புடி அளக்குற, அது பயந்துக்கப் போவுது என்றார். பயந்துதானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறாய்.

இங்கே வேலைக்கு நேர்முகத் தேர்வு தை கடைசியில் என்றாய். அதற்குள் கட்டுரை வந்த இதழுக்கு எழுதிக் கேட்டால் மேலே உன் பெயரைச் சேர்க்க வழி உண்டாம், ஆதாரம் மட்டும் வேண்டுமாம். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடு. பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளும், மிச்சம் இருந்தால் கொஞ்சம் ரோஷமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கடுங்கோபத்தில் இருக்கும்
சித்தப்பா காசிநாதன்

பி.கு.: டிராக்டரும் இல்லை, லாரியும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனேன். ஒன்று மட்டும் நிஜம். கேள்வி கேட்கலாம் என்றபோது, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, ஐயா, கடைசியில சண்முகப்பிரியாவுக்கு நன்றின்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பொண்ணு என்னங்க செஞ்சுச்சு என்று கேட்டேன். வேட்டி கட்டின ஆள்தானே, இவனுக்கென்ன தெரியும் என்று அவன் சிரித்துக்கொண்டே, அளந்தது பூரா அவங்கதாங்க, நாங்க எழுதினதோட சரி என்று மைக்கிலேயே சொல்லிவிட்டான். ஜெயசித்ரா போனில் பதிவு செய்திருக்கிறாள். உனக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வாயைத் திறந்து கேட்டால் அனுப்புவாள்.