செம்பூர் வீட்டை விற்ற நாள்

செவ்வாய், இரவு.

இன்று தாராவியிலிருந்து எஸ்தர் கைக்குழந்தையோடு எங்கள் செம்பூர் ஃப்ளாட்டைப் பார்க்க வந்தாள். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று அவளுக்குச் சந்தேகம்.

"யக்கா, பக்கத்து ஃபேக்டரி வாடை உள்ள வருமா? பிள்ளைக்கு இளைப்பு இருக்கு."

"அதெல்லாம் வராதும்மா" என்றேன். வாடை தெரியாமலிருக்க ஜன்னல்களையெல்லாம் காலையிலேயே சாத்தியிருந்தேன். என் மகளுக்கு இளைப்பு வந்ததால்தான் நாங்களே முலுண்டுக்குப் போகிறோம்.

"நீங்க நம்ம ஊர்க்காரவுக. பொய்யா சொல்லப் போறீங்க?" என்று சிரித்தவள், அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள்.

அவள் போனதும் மகள் கேட்டாள்: "அம்மா, நாம போறப்ப அந்தப் பாப்பாவுக்கு என் இளைப்பு மருந்து பம்ப்பைக் குடுத்துரலாமா? இங்க அதுக்கும் மூச்சு முட்டும்ல?"

அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.