சகலைக்கு மட்டும் வந்த பணம்

செவ்வாய், மழை.

சிங்கப்பூர் கடைக்காரன் எங்கள் இருவருக்கும் நாங்கள் அனுப்பிய கருவாட்டுக்குப் பணம் தரவேண்டும். இன்று என் சகலை அந்தோணிக்கு மட்டும் வந்துவிட்டது. சின்னத் தொகை பாக்கிகளுக்கென்றே அந்த ஊரில் இருக்கும் கோர்ட்டில் கேஸ் போட்டு வாங்கிவிட்டான். அந்தக் கடைக்காரனை இவனுக்கு அறிமுகம் செய்துவைத்ததே நான்.

“வக்கீலே வோணாம் சகல. வூட்ல குந்திகினே போன்ல மனு போட்டேன். ‘சரக்கு வந்துச்சு’ன்னு அவன் அனுப்ச்ச மெசேஜக் காட்டுனேன், முடிஞ்சிச்சு” என்றான், என் நாற்காலியிலேயே உட்கார்ந்து.

அந்தோணி ஒவ்வொரு முறையும் கடைக்காரனிடம் அப்படி எழுதி வாங்குவான். நம்மை மாமு என்று கூப்பிடுகிற கடைக்காரனிடம் இதெல்லாம் கேட்பதா என்று நான்தான் சிரித்தேன்.

என் மனைவி அவனுக்கு இரண்டாவது காபி கொடுத்தாள். “நீயும் கேஸ் போடேன்யா” என்றாள் என்னிடம்.

போனைத் துழாவினேன். சரக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. சிங்கப்பூர்க்காரன் எனக்கு அனுப்பியதெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்தான். இன்றைக்கும் ஒன்று வந்திருக்கிறது.