நூற்றுப் பதினாலாம் கொக்கி

ஏப்ரல் 3, வியாழன்

ஜன்னலைத் திறந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே ஒருவர் கேட்டார், "உள்ள பேய் இருக்கா?"

"இருந்துச்சுங்க. டிக்கெட் எடுக்கச் சொன்னோம், கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி சிரித்தாள். எனக்கு அது போதும்.

கோட்டுக்குப் போதவில்லை. எங்கள் மேனேஜருக்கு நான் வைத்த பேர் அது. கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். உள்ளே சட்டை இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். "டோக்கன் குடுங்க, டோக்கன் வாங்குங்க. அவ்வளவுதாம்மா உங்க வேலை. பேச்சு வேண்டாம்" என்றார்.

பேச்சு வேண்டாமாம். மீனைப் பார்த்துத் தண்ணீர் வேண்டாம் என்கிறார்.

சுரங்கம் மூடி ஒன்பது வருஷம். இப்போது அது கண்காட்சி. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பேன். வெளியே வந்ததும் அதே கொக்கியில் மாட்டிவிடுவேன். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே. வேலையாட்கள் இருந்த காலத்துப் பலகைதான் அது, வழக்கமும் அப்போதையதுதான். சாயங்காலம் பலகை நிறையாமல் கதவைப் பூட்டக் கூடாது.

தம்பி குடும்பம் நாளை மறுநாள் வருகிறது. அவன் மகள், ஏழு வயது வாண்டு, போனில் கேட்டாள், "அத்தை, மாமா என்னைச் சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போவாரா?" ஓ, தாராளமா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர், இவர் எங்கே உள்ளே போகிறார்? பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர், மூடிய நாளிலிருந்து கேட்டைத் தாண்டியதே இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தினமும் நாலரைக்கு என்னை ஏற்றிப் போக வருவார். மரத்தடியில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். அதற்கு மேல் ஓர் அடி கிடையாது.

சாப்பிடும்போது மெல்ல எடுத்தேன்.

"நான் முதுகு ஒடிய உழைச்ச இடத்துல ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு நடக்கச் சொல்றியா?"

"நக்க வேண்டாம். கடிச்சுச் சாப்பிடுங்க."

எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் மீசை இறங்கியது, பின்னால் தம்பி இறங்கினான். அந்த மீசைக்கு ஒரு தனி சீப்பு இருக்கிறதாம். அவன் பெண்டாட்டி காதோடு சொன்னாள்.

மத்தியானம் எல்லாரும் ஏரிக்குப் போனோம். ஏரி என்ன ஏரி, பழைய வெட்டுக்குழியில் மழைத்தண்ணீர் தேங்கியது. நீலமாக அழகாகத்தான் இருக்கிறது. வாத்துப் படகு விட்டிருக்கிறார்கள். இவரும் வாண்டும் ஒரு வாத்து. நானும் தம்பியும் ஒரு வாத்து. என் எடைக்கு எங்கள் வாத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நீந்தியது.

பக்கத்தில் போனபோது இவர் குரல் கேட்டது. "இப்ப நாம ஏழு மாடி உயரத்துல மிதக்கிறோம், தெரியுமா? நமக்குக் கீழதான் லாரி ரோடு. அந்த வளைவுல நான் ஒரு செருப்பைத் தொலைச்சேன்."

"இன்னும் இருக்குமா மாமா?"

"மீன் போட்டுக்கிட்டுத் திரியும்."

அடேயப்பா! வீட்டில் உப்பு வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷன். மேலே மிதந்துகொண்டு இவ்வளவு பேசுகிறவருக்கு உள்ளே போக என்ன?

ஏப்ரல் 6, ஞாயிறு

கசடு மேடு. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்தான், இப்போது புல் வைத்துப் படி கட்டிவிட்டார்கள். பாயில் உட்கார்ந்து சறுக்கலாம். தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சறுக்கினாள். நான் வாயைத் திறந்துகொண்டு சறுக்கினேன், பாதி மேடு என் வாயில்.

உச்சியிலிருந்து பார்த்தால் சுரங்க வாசல் தெரிகிறது. வாண்டு விரல் நீட்டினாள். இவர் உடனே ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டார். செருப்பு போட்டிருக்கிற மனுஷன்!

தம்பி சொன்னான், "விடுக்கா. அத்தான் உள்ள போக மாட்டார். வேணும்னா பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"நாங்க கிளம்புறதுக்குள்ள அவர் பாப்பாவைக் கூட்டிட்டு உள்ள போயிட்டா, என் மீசையை எடுத்துடுறேன். போகலைன்னா நீ ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது."

கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள். ஒரு நாள் முழுக்கவா? செத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வாண்டு இன்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இவர் "நாளைக்கு" என்றார். அந்த நாளையை எனக்கு நன்றாகத் தெரியும். சமையலறைக் குழாயை ரிப்பேர் செய்வதாகச் சொன்ன நாளையும் அதுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாண்டு படம் வரைந்திருக்கிறாள். ஒரு குகை, உள்ளே ஒரு குட்டிப் பெண். வாசலில் மாமா, கையைக் கட்டிக்கொண்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர் அதை வெகுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனை இல்லை.

ஏப்ரல் 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கோட்டு மத்தியானமே கிளம்பிவிட்டார். நாலேகாலுக்கு வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தாயிற்று, டோக்கன்களும் வந்தாயிற்று. பலகை நிறைந்தது. நான் அறுபத்திரண்டாம் நம்பரைக் கழற்றி என் பர்ஸில் போட்டேன்.

நாலரைக்கு ஹாரன். கேட்டில் நின்று சொன்னேன், "அறுபத்திரண்டு வரல."

அவ்வளவுதான் சொன்னேன். வேன் கதவு திறந்தது. ஒன்பது வருஷம் தாண்டாத கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினார். பலகையைப் பார்த்தார். காலிக் கொக்கியைத் தொட்டார். மேல் வரிசையில் யாருக்கும் கொடுக்காத பழைய டோக்கன்கள் தொங்கும். கை தானாக அங்கே போய் நூற்றுப் பதினாலை எடுத்தது. அவருடைய பழைய நம்பர். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

நான் உள்ளுக்குள் குதித்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பின்னாலேயே போய், பர்ஸைத் திறந்து காட்டி, "ஏமாந்தீங்களா!" என்று சொல்வதாகத் திட்டம்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. கால் நகரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கொக்கி காலி. ஒன்று என் பர்ஸில். இன்னொன்று — அது நிஜம். பத்து நிமிடம். கால் மணி. உள்ளே முந்நூறு அடிதான், போய்வரப் பத்து நிமிடம் கூட ஆகாது. ஏன் வரவில்லை? நெஞ்சு வலியா? இப்படி ஒரு விளையாட்டு விளையாடுவேனா நான்? கழுதை வயசாகிறது, புத்தி எங்கே போச்சு?

அந்தக் காலத்தில் ஷிப்ட் முடிகிற நேரம் இந்தப் பலகை முன்னால் பெண்கள் வந்து நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். மறந்தே போனேனே.

இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் முடியவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கத்தியது நாலு பக்கமும் மோதி என் மேலேயே விழுந்தது.

கடைசி வளைவில் பிளாஸ்டர் பொம்மைகள் நிற்கும், வேலையாட்கள் மாதிரி. அங்கே நின்றிருந்தார். முழுசாக, உயிரோடு. கையில் இன்னொரு கை.

"வந்துடுச்சு" என்றார், பள்ளிக்கூடத்தில் ஜன்னல் உடைத்த பையன் மாதிரி.

"என்னது வந்துடுச்சு?"

"கை. டிரில்லை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், மடையன். முதல் நாளே பல்லெல்லாம் போயிருக்கும். கொஞ்சம் இறக்கி வைக்கலாம்னு பிடிச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இவ்வளவு நேரமும் அதை ஒட்டப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், கோட்டுக்குப் பயந்து! என் முந்தானையில் சுற்றி வெளியே கொண்டுவந்தோம். அவர் முதலில் நூற்றுப் பதினாலை மாட்டினார். அறுபத்திரண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சாப்பாட்டு மேஜை மேல் கை. பசை, கம்பி, வெள்ளைச் சிமெண்ட். தம்பி பெண்டாட்டி காபியோடு வந்தவள் அலறினாள்.

எல்லாரும் நகர்ந்த பிறகு, பசை காய ஊதிக்கொண்டே கேட்டார், "அறுபத்திரண்டை எங்க வச்சிருந்த?"

"எப்படித் தெரியும்?"

"ரெண்டே வார்த்தை சொன்ன. நிஜமா ஆள் உள்ள மாட்டியிருந்தா நீ ஊரையே கூட்டியிருப்ப."

"தெரிஞ்சுமா போனீங்க?"

ஊதினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி ஊதினார். "வேடிக்கை பார்க்கப் போறதுக்குத்தான் கால் வரல. ஆளைத் தேடப் போறேன்னு நினைச்சுக்கிட்டேன், வந்துடுச்சு."

"நான் பயந்துட்டேங்க" என்றேன்.

"தெரியும். கத்தினது எனக்கே பயமா இருந்துச்சு." பிறகு, "இனிமே டோக்கன்ல விளையாடாத. வேற எதுல வேணா விளையாடு."

சரி என்றேன். இதில் கிண்டல் கிடையாது. டோக்கனில் இனி விளையாட மாட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

வாண்டு கையைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டைவிரல் நகத்துக்கு ரோஸ் பாலிஷ் போட்டுவிட்டாள். அழிக்கப் பார்த்தோம், பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது. அப்படியே விட்டோம்.

ஏப்ரல் 12, சனி

கோட்டு கண்ணில் படுவதற்குள் கையைத் திரும்ப வைத்தாக வேண்டுமே. வேறு வழியில்லை, ஒட்டத் தெரிந்த இவர்தான் உள்ளே போயே ஆக வேண்டும். காலையில் கோட்டு வாசலில் நிற்கிறார். கைப்பையைத் திறந்து பார்க்கும் ஆள். ஆனால் குழந்தையின் புத்தகப் பையை யார் பார்ப்பார்கள்?

வாண்டு பையை மாட்டிக்கொண்டு மாமாவின் விரலைப் பிடித்தாள். நான் ஜன்னலில் உட்கார்ந்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, அவளுக்கு ஏழாம் நம்பர் கொடுத்தேன். இவர் நூற்றுப் பதினாலைத் தானே எடுத்துக்கொண்டார்.

"அது காட்சிக்கு வச்சது சார்" என்றார் கோட்டு.

"இது என்னோடது சார்" என்றார் இவர். சண்டையாக இல்லை. பேரைச் சொல்கிற மாதிரி.

கோட்டு முதல் தடவையாகக் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டை இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். வாண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள், இவரும்தான். பின்னாலேயே முன்பின் தெரியாத எட்டுப் பேர், இவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே. யாரும் கூட்டவில்லை, தானாகச் சேர்ந்த கூட்டம்.

தம்பியைப் பார்த்தேன். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மீசை போயிற்று. வாண்டு அப்பாவைப் பார்த்து எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் பெண்டாட்டிதான் சந்தோஷமாக இருக்கிறாள். சீப்பை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பஸ் கிளம்பியதும் இவர் நேராக வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயை ரிப்பேர் செய்தார். ஒன்றும் கேட்காமல்.

மே 6, செவ்வாய்

கோட்டு இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசி வளைவுல நிக்கிற நம்ம ஆளு நகத்துல பாலிஷ் இருக்கும்மா."

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேசாம இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்து, "இன்னைக்கு அவர் வந்தாச்சா?" என்றார்.

பலகையைக் காட்டினேன். முதல் பஸ் இன்னும் வரவில்லை. மற்றவை எல்லாம் தொங்குகின்றன. மேல் வரிசையில் நூற்றுப் பதினாலாம் கொக்கி மட்டும் காலி.

பள்ளி திறக்கும்வரை காலை வேளைகளில் இப்படித்தான். முதல் ஆள் அவர்தான். மற்ற பொம்மைகளையும் சரியாக நிற்க வைக்கிறாராம். ஜன்னலைத் திறந்து உட்கார்ந்து, வந்த முதல் ஆளிடம் சொன்னேன்:

"உள்ள ஒரு பேய் இருக்குங்க. ரொம்பப் பேசும். பொறுத்துக்கங்க."