பன்னிரண்டாவது ஆள்

கருமணல் பண்ணை, மேற்குக் கடற்குடா
1671 ஜூன் 12

ஆயர் மாளிகைச் சமையலறையில் பணிபுரியும் என் அக்காள் மகள் விக்டிஸுக்கு, உன் தாய்மாமன் ஹால்வார்டுர், தேவனுடைய சமாதானம் உன்னோடிருக்க வேண்டி எழுதுவது.

இது இப்படித்தான் முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். போன இலையுதிர் காலத்தில் ஆடு அறுக்கும்போது உன் தம்பி நார்வியிடம், "அந்த மந்திரத் தாளையெல்லாம் அடுப்பில போடுடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னதையெல்லாம் கேட்டிருந்தா இந்நேரம் வீட்டையே அடுப்பில போட்டிருப்பேன் மாமா" என்றான். இளரத்தம்.

இங்கே பனி தாமதமாகத்தான் உருகியது. பசு கன்று போட்டது, காளை. திமிங்கிலம் கரை ஒதுங்கும் என்று சொல்லியிருந்தேன், சீல் என்னும் கடல்நாய்தான் ஒதுங்கியது. ஆனால் அந்த மாதிரி சீலை ராஜாவே பார்த்திருக்க மாட்டார்.

அவன் எழுதிவைத்த அந்த மந்திர ஏட்டைப் பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். லத்தீன் பள்ளியில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தவன் நான், கேள். ஜெர்மன் தேசத்தில் இவற்றை அச்சுப் போட்டு விற்கிறார்களாம். பாதி ஜெபம், பாதி பேய்களின் பெயர். சாலமோன் ராஜா எழுதியது என்று மேலே போட்டுவிட்டால் விலை கூடும். நம் நாட்டில் அச்சு ஆயரிடம் மட்டும் இருப்பதால் எல்லாம் கைப்பிரதிதான். ஒருவன் எழுதியதை இன்னொருவன் பார்த்து எழுதுவான், தப்பையும் சேர்த்து. நார்வி மீன்பிடிக் குடிசையில் தன்னோடு துடுப்புப் போட்டவனிடம் வாங்கி இருபது தாள் எழுதினான். பல்வலிக்கு ஒரு குறி, ரத்தம் நிற்க ஒன்று, திருடன் முகம் தண்ணீரில் தெரிய ஒன்று. இந்தக் கரையில் பாதி வீட்டில் படுக்கைக்கு அடியில் இது இருக்கிறது. பாதிரியாரின் பல்வலிக்கே நார்விதான் எழுதிக் கொடுத்தான்.

பக்கத்துப் பண்ணை இல்லுகியை உனக்குத் தெரியும். நம் கரையில் ஒதுங்கும் மரத்தையெல்லாம் தன்னுடையது என்று இழுத்துப் போவான். நார்வி வாய் திறக்க மாட்டான். ஆகவே நான் திறந்தேன். மார்ச்சில், மீன் காயப்போடும் கொட்டகையில், நாற்பது பேர் கேட்க, நார்வி விரலைக் கீறி, இல்லுகியின் பெயரைச் சொல்லி, ஏட்டின் கடைசித் தாளில் ரத்தத்தால் குறி போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். மறுநாளே மரம் மொத்தமும் நம் வாசலில் இருந்தது. இந்த வட்டாரத்தில் சண்டை போடாமல் இல்லுகியை ஜெயித்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று வாரம் கழித்து இல்லுகியின் மனைவி கோயிலில் வலிப்பு வந்து விழுந்தாள். இன்னும் எழவில்லை. வட்டார நடுவரின் ஆட்கள் வந்து நம் வீட்டைத் தேடினார்கள். ஏடு கிடைத்தது, கடைசித் தாள் இல்லை. கைப்பிரதியில் தாள் உதிர்வது சகஜம். "எரிச்சிட்டான்" என்றான் இல்லுகி.

வட்டார நடுவர் நார்விக்குப் பன்னிரண்டு பேர் சத்தியம் விதித்தார். யாரையும் குறி போட்டுக் கெடுக்கவில்லை என்று அவன் வேதத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். அவன் சொல் மெய் என்று பன்னிரண்டு பேர் பின்னால் கை வைக்க வேண்டும். பதினொன்று வந்தால் போதாது, குற்றவாளி என்றே ஆகிவிடும். அவன் பண்ணை பண்ணையாக நடந்து பதினோரு பேரைச் சேர்த்தான். என்னைக் கேட்கவில்லை, வெட்கப்பட்டிருப்பான். பன்னிரண்டாவதாக நானே போய் நின்றேன்.

நடுவர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "கொட்டகையில ஒரு கதை சொன்னீங்களாமே. ரத்தக் குறி போட்டதைப் பார்த்தீங்களா, இல்லையா?"

இல்லுகி பின்னாலிருந்து, "என்ன பெரியவரே, வாய்க்கு இன்னைக்கு ஓய்வா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயே சொல், இல்லை என்றால் என்னைப் பொய்யன் என்று தள்ளியிருப்பார்கள், எண்ணிக்கை குறைந்திருக்கும். பார்த்தேன் என்றேன். அது கெடுதலுக்கு இல்லை, காவலுக்குப் போட்ட குறி என்றும் விளக்கினேன், லத்தீனில் இரண்டு வார்த்தை சேர்த்து.

முதலில் பின்வாங்கியவன் பார்டுர், உன் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவன். "இதுக்கு மேல கை வச்சா என் ஆத்துமா போயிடும் தம்பி. மன்னிச்சிடு" என்றான். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் வேதத்தின் முன் நான் மட்டும் நின்றேன். நார்வி என்னைப் பார்த்து, "விடுங்க மாமா. உக்காருங்க, முட்டி வலிக்கும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவனைக் குதிரையில் கட்டி நாட்டு மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன தீர்ப்பு வரும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இல்லுகியின் ஆட்கள் சூனியக்காரனை எரிக்கவென்று சுள்ளி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். போகும்போது நார்வி நீ பின்னிக் கொடுத்த கையுறையைப் போட்டிருந்தான்.

நேற்று நடுவர் வீட்டுக்கு நடந்தே போய் ஒரு சின்னத் திருத்தம் சொன்னேன். அவர் கதவருகிலேயே நிறுத்தினார். "வேதத்து முன்னால ஒண்ணு, என் வாசல்ல ஒண்ணு. எந்த ஹால்வார்டுரை நான் நம்புறது? போய்ப் படுங்க" என்றார்.

ஆயருக்கு வெண்ணெய் கொண்டுவருபவன் இதைக் கொடுப்பான். ஆறு பெருகியிருப்பதால் சுற்றித்தான் வருவானாம். மன்றம் கலைந்த பிறகே உன்னை எட்டுவானாம். சீக்கிரம் போ என்றதற்கு, "குதிரைக்கு இறக்கை முளைச்சா சொல்லி அனுப்புறேன்" என்கிறான். இருந்தாலும், விக்டிஸ், கையில் கிடைத்ததும் இதை ஆயரிடம் கொண்டுபோ. நேரம் கடந்திருந்தாலும் கொண்டுபோ. என் பெயரைச் சொல்லியே வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் நீ திருத்தாதே, என் கை என்று தெரியட்டும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்காதே.

நார்வி விரலைக் கீறவில்லை. அந்த ஏட்டை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ஹால்வார்டுர்