பொத்தான் கல்

குன்றத்தூர்,
ஜூலை 8, திங்கள் காலை.

என் அன்பு மகன் அமலனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் மருமகள் எவாஞ்சலினும் சுகமாக இருக்கிறோம். உன் கடல்மீன் தொட்டிதான் சுகமாக இல்லை.

வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள், அவசரமாகப் பேசினால் பாதி புரிவதில்லை, பார்த்ததையெல்லாம் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாய். எழுதச் சொன்னால் எனக்கு என்ன கஷ்டம்? மறைமலை நகர் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் குவாலிட்டி ரிப்போர்ட் எழுதின கை இது. உனக்கு அங்கே ஜப்பான்காரர்கள் ஆறு மாத ட்ரெயினிங்கில் சொல்லிக் கொடுப்பதை நான் மூன்றே பக்கத்தில் சொல்லிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உப்பு 1.025. சூடு 26 டிகிரி. நீ வைத்துவிட்டுப் போன சொட்டு மருந்துகளைப் போட்டு நிறம் பார்த்தேன், எல்லாம் நீ எழுதிய அளவுக்குள்தான். வெளிச்சம், மோட்டார், நுரை எடுக்கும் குழாய் எதிலும் குறை இல்லை. எல்லாம் ஸ்பெக்குக்குள் இருக்கிறது, ஆனாலும் சரக்கு ரிஜெக்ட் ஆகிறது. இப்படி ஒரு கேஸ் எங்கள் லைனில் வந்தால் எனக்குத் தூக்கமே வராது. இப்போதும் அப்படித்தான்.

நடுவில் ஒரு கல் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளம் விரிந்திருக்குமே, நீ அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சொல்வாய், நான் பொத்தான் கல் என்றே சொல்கிறேன். வியாழக்கிழமை அதில் எண்பத்து நான்கு இருந்தன. இன்று அறுபத்தொன்று. வாடிக் கருகி உதிர்ந்திருந்தால் நோய் என்று சொல்லலாம். இது அப்படி இல்லை, அடியோடு அறுத்து எடுத்த மாதிரி இருக்கிறது. நத்தைகளில் இரண்டு வெறும் ஓடாகக் கிடந்தன. யாரோ உள்ளே இருக்கிறார்கள், அமலா. மீன்கள் நான்கையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், அவை யோக்கியர்கள்.

நீ சொன்னபடி ஹால் ஏ.சி.யை நிறுத்துவதில்லை, ஜன்னல் எதையும் திறப்பதும் இல்லை. திறந்தால் லாரிப் புழுதிதான் வரும். எவாஞ்சலினுக்கு இந்த மாதம் வல்லம் வடகாலில் நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஏ.சி.க்காக ஹாலிலேயே தொட்டிக்கு எதிரே பாயை விரித்துத் தூங்கிவிடுகிறாள். நான் டி.வி.யைக்கூடப் போடுவதில்லை.

எதிர்வீட்டு டில்லிபாபு தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பில் இல்லாமல் வாங்கின பவளம், வெளியே தெரிந்தால் வனத்துறை கேஸ் ஆகும், வேலையும் போகும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஹாலில் துணி காய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பயம் ஒரு பக்கம். ஐந்து வருடமாக நீ வளர்த்தது என் கையில் சாகக் கூடாதே என்ற பயம் இன்னொரு பக்கம். சீக்கிரம் பதில் போடு.

உன் நலம் வேண்டும் அப்பா,
பெரியநாயகம்


குன்றத்தூர்,
ஜூலை 11, வியாழன்.

அன்பு அமலனுக்கு,

உன் மெசேஜ் வந்தது. டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டி, தொட்டி விளக்கு எரிவதற்கு முன்னால் பாருங்கள் என்றாய். இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பொத்தான் கல்லின் அடியில் இருக்கும் துளையிலிருந்து அது வந்தது.

புழு என்று ஒரு சொல்லில் எழுத மனம் வரவில்லை. என் சுண்டுவிரல் தடிமன், உடம்பு முழுக்க வளையம் வளையமாகப் பித்தளை மினுமினுப்பு. முழங்கை நீளம் வெளியே வந்த பிறகும் மீதி உள்ளேதான் இருந்தது. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பொத்தானைக் கவ்வி அறுத்து உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. இந்த வயதில் பயந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பயந்தேன். ஒரு வாரமாக அந்தத் தண்ணீருக்குள் நான் கைவிட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை உள்பக்கம் துடைப்பது எவாஞ்சலின். மண்புழுவைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற பெண் அவள். அவளிடம் நான் சொல்லவில்லை.

கல்லை வெளியே எடுத்துத் தனி பக்கெட்டில் போட்டு வையுங்கள், கட்டாயம் கையுறை போடுங்கள், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். நீ வர இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஏழு வாரம் அந்த ஜந்துவைப் பக்கெட்டில் வைத்து நான் சோறு போட வேண்டுமா? ராத்திரி வெளியே ஊர்ந்து வந்தால் யார் பிடிப்பது?

எங்கள் வாஷிங் செக்ஷனில் துளையுள்ள பாகம் எது வந்தாலும், உள்ளே அடைத்த எண்ணெயும் பிசிறும் வெளியே வர ஒரே வழிதான். கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்போம். பிடிவாதம் பிடித்த பாகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கல்லும் துளையுள்ள பாகம்தானே? பொத்தான்கள் போனால் போகட்டும், மற்றவை பிழைக்கும்.

நாளைக் காலை எவாஞ்சலின் வந்து தூங்கின பிறகு, அவள் கண்ணில் படாமல் காரியத்தை முடித்துவிடுவேன். இந்தக் கடிதத்தை இப்போது அனுப்பப் போவதில்லை. அனுப்பினால் வேண்டாம் என்பாய். முடிந்த பிறகு புழுவின் போட்டோவோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அப்பா


தாம்பரம், ஆஸ்பத்திரி,
ஜூலை 14, ஞாயிறு மாலை.

அமலா,

வியாழக்கிழமை எழுதிய கடிதத்தையும் இதனுடன் அனுப்புகிறேன். அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நீ போன் செய்தபோது எவாஞ்சலின் தூங்குகிறாள் என்றேன். பொய். அவள் வெள்ளிக்கிழமை முதல் இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். இந்த வரி எழுதும்போது உயிரோடு இருக்கிறாள். முதலில் இதைத் தெரிந்துகொள்.

வெள்ளி காலை அவள் வந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி செய்கிற அலுமினிய குண்டானில் தண்ணீர் வைத்து அந்தக் கல்லைப் போட்டேன். நம் வீட்டில் சமையலறைக்குக் கதவு இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் புழு வெளியே வந்துவிட்டது. இடுக்கியால் பிடித்துத் தரையில் போட்டு, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்தேன். முட்டை ஏதாவது உள்ளே இருந்தால் அதுவும் வேகட்டும் என்று அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கீழே டீக்கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் தெரியுமா? என்னோடு வேலை பார்த்த நடேசனிடம் போட்டோவைக் காட்டிப் பெருமையடிக்க. முக்கால் மணி நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதை சொன்னேன். டீ ஒரே கசப்பாக இருந்தது. பால் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைகூடப் போட்டேன். கசப்பு என் நாக்கில் இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்கப் புகைமூட்டமாக ஆவி. எவாஞ்சலின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து, உடம்பு தூக்கிப் போட்டது. இருமலுக்கு நடுவில் மூச்சு உள்ளே போகவில்லை. எழுந்து வந்து கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள் போல, செருப்பெல்லாம் சிதறிக் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழேயிருந்த நடேசனைக் கூப்பிட்டேன், இருவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தோம்.

டாக்டர் சத்யப்பிரியா என்று சின்ன வயதுப் பெண். என்ன சுவாசித்தார்கள் என்று அவர் கேட்டதும் எனக்கு உன் கேஸும் வேலையும்தான் கண் முன்னால் வந்தது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துத் தரை கழுவினேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து மணி நேரம் அவர்கள் அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். அவள் மோசமாகிக்கொண்டே போனாள். எனக்கும் குளிர்க் காய்ச்சல் கண்டுவிட்டது. அப்போதுதான் நடேசன் என் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், கேஸு வந்தா பாத்துக்கலாம். பொண்ணு மூச்சு வுட முடியாம கீது. போய்ச் சொல்லுய்யா" என்றான்.

சொன்னேன். கல், புழு, குண்டான், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். அந்தப் பொத்தான்களுக்குள்ளேயே விஷம் இருக்கிறதாம். சும்மா இருந்தால் தொல்லை இல்லை, வேகவைத்தால் ஆவியோடு சேர்ந்து வந்துவிடுமாம். முறிவு மருந்து கிடையாதாம். மூச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பு தானாகத் தேறக் காத்திருக்க வேண்டும், தசையும் சிறுநீரகமும் கெடாமல் பார்க்க வேண்டும் என்றார். காலையிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

கையுறை போடச் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உன்னைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. கொதிக்க வைத்தது நான். கதவைப் பூட்டிவிட்டுப் போனது நான். பொய் சொன்னதும் நான்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். யார் வாங்கியது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை, மன்னித்துவிடு. வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நடேசன் கீழே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டான், தொட்டி மோட்டாரும் நின்றிருக்கும். ஐந்து வருடமாக நீ வளர்த்தது இன்றோடு போயிற்று. அதற்காக அழ எனக்கு இப்போது இடமில்லை.

இன்று காலை பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தாள். முகமூடி போட்டிருப்பதால் பேச முடியவில்லை. நர்ஸிடம் சீட்டு வாங்கி எழுதிக் கொடுத்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "மாமா, தொட்டிலேருந்து இன்னாவோ வருது. நீங்க தனியா கிட்ட போவாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?"

அவளுக்குத் தெரியாது, அமலா. நான்தான் அவளைக் காப்பாற்றித் தூக்கிவந்தேன் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். எவாஞ்சலின் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன்.

மத்தியானம் மூச்சு மறுபடி இறங்கிவிட்டது. இப்போது தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

கிடைக்கிற விமானத்தில் ஏறி வா. என்மேல் கோபத்தோடு வந்தாலும் சரி, வந்துவிடு. வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வா. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். எனக்காக எதுவும் கேட்காதே. அவள் கண் விழிக்க வேண்டும், நான் செய்ததை என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அவள் பிடித்திருக்கிற கையை உதற வேண்டும். கையை உதறுகிற பலத்தை அவளுக்குக் கொடு என்று மட்டும் ஆண்டவரிடம் கேள்.

உன் அப்பா,
பெரியநாயகம்