பழைய ஜாவாவுக்கு ஒரு பொட்டு

கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் காய்ந்த சந்தனம் இன்னும் மணக்கிறது. ஆயுத பூஜைக்கு நீ எப்போதும் இரண்டு பொட்டு வைப்பாய். உள்ளே இருந்து புரோகிராம்களை ஓட்டுகிற ஜாவாவில் பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. இந்த வருடம் நான் வைத்தது ஒற்றைப் பொட்டு.

சங்கரன்கோவில் சரித்திரத்தில் என்னைப் போல் பூஜைக்குச் சுத்தம் செய்தவன் கிடையாது. நம் டிசைன் கடையில் நான் அடித்த ஒட்டடையில் இரண்டு சேலை நெய்யலாம். அதோடு நின்றேனா? கம்ப்யூட்டருக்குள்ளும் இறங்கி, பழைய ஜாவாவை அழித்தேன். புதியது இருக்கும்போது அது எதற்கு என்று உன்னோடு ஆயிரத்தெட்டுச் சண்டை போட்டவன்தானே நான்.

"ஏலே, நான் எழுதுன புரோகிராம் பழசுலதான் ஓடும். மத்ததுக்கெல்லாம் புதுசு வேணும். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும், எதுக்கு எதுவோ அதைக் கூப்பிட்டுக்கிடலாம்" என்பாய்.

"ஏலே, ஒரே வீட்டுல ரெண்டு மருமகனா?" என்பேன்.

"இலையை மாத்திப் போடாத வரைக்கும் சண்டை வராதுலே."

பூஜை முடிந்த மறுநாள் உன் புரோகிராமைத் திறந்தேன். சேலைக்கரைப் படத்தைத் தறியில் மாட்டும் அட்டைக்கான துளைகளாக மாற்றுமே, அதேதான். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது, புரோகிராம் திறக்கவில்லை. தறிக்கார அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்னவே, கரை வருமா வராதா? அங்கன தறி சும்மா நிக்குதுல்லா."

நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மகாபுத்திசாலியின் வாய் முந்திக்கொண்டது. "என்ன செய்ய அண்ணாச்சி, அவன் எழுதுனது அம்புட்டுதான். ஆளோட சேர்ந்து அதுவும் போயிட்டு."

நீ கண்மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நான்கு நாள் கழித்து உன் மேசை டிராயரில் ஒரு பென்டிரைவ் கிடைத்தது. அதிலிருந்த பழைய ஜாவாவைத் தனி ஃபோல்டரில் போட்டு, உன் புரோகிராம் அங்கே போய்த் தேடும்படி வழியை எழுதிக் கொடுத்தேன். கண் சிமிட்டுவதற்குள் திறந்துகொண்டது. உன் வேலையில் ஒரு மயிரிழைப் பிழை இல்லை.

அண்ணாச்சிக்குக் கரை கிடைத்துவிட்டது. ஆனால் என் பேச்சு அதற்குள் தெருத் தெருவாகப் போய்விட்டது. "அவரு புரோகிராமு பாதியில படுத்துக்கிடுமாம்லா" என்று டீக்கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார்.

அதனால் தறிக் கொட்டகை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் தப்பை முணுமுணுத்துவிட்டு நழுவ முடியாது. "அவன் மேல குத்தமில்ல, நான்தான் அழிச்சேன்" என்று அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டியிருக்கிறது. அண்ணாச்சியிடம் ஆரம்பித்து ஏழு கொட்டகையில் கத்திவிட்டேன்.

பாக்கி உன் வீடு. டீக்கடைப் பேச்சு உன் மனைவி காதுக்கும் எட்டியிருக்கிறது. அங்கே தறி இல்லை, மெதுவாகச் சொன்னாலே கேட்கும். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.