அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் நடுவே ஓடியவனுக்கு

மச்சான்,

இன்று காலை அரசியல் பாட டீச்சர் என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார். 'ஓமான்' என்று எழுதிய அதே அட்டை. நாடாவில் இன்னும் உன் தைல மணம். தலையிடிக்கும் தைலம், தடிமனுக்கும் தைலம், சோதனைக்கு முதல்நாளும் தைலம் என்று திரிந்தவன் நீ. நீ செத்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. மணம் மட்டும் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறது.

போன வருடம் இந்தப் போட்டி நமக்குப் புதிது. அமெரிக்காவும் ஈரானும் பேச்சுவார்த்தை நடத்துவதுபோல நடிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு நான் தலைவன், ஈரானுக்கு ஷிரின். நிஜத்தில் நடப்பதுபோலவே ஒரே மேசையில் உட்காரக் கூடாது. இரண்டு அறைகள், நடுவில் நடைபாதை, செய்தி கொண்டுபோக நடுநிலை நாடான ஓமானாக நீ.

"எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறவனை ஓமானாப் போட்டிருக்கினம்," என்றேன்.

"நீ வாயாலை மட்டும்தான் வல்லரசு. போய் இரடா," என்றாய்.

நமக்கு அது விளையாட்டு. ஷிரினுக்கு இல்லை. ஈரானியக் குடும்பம், அண்ணன் அமெரிக்காவில் படிக்கிறான். வெளியே வந்தால் திரும்பப் போக விசா கிடைக்குமோ தெரியாது. அதனால் லண்டன் பக்கமே வரவில்லை. அவர்களுடைய அம்மா அவனைப் போனில்தான் பார்க்கிறார். மாணவர்கள் பயமில்லாமல் போய்வரலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்று அவள் நின்றாள். பள்ளிக்கூட ஒப்பந்தத்தை யார் மதிக்கப்போகிறார்கள்? ஆனாலும் நின்றாள்.

அணுசக்தி விஷயம் முடியும்வரை எதற்கும் சம்மதிக்காதே என்று எனக்கு உத்தரவு. தடைகளை நீக்கும்வரை அணுசக்தி பற்றி வாயே திறக்காதே என்று அவளுக்கு. யார் முதலில் இறங்குவது? காலை முழுவதும் நீ நடந்தாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பினால் அங்கே அது மிரட்டலாகப் போய் விழுந்தது. அவள் "யோசிக்கிறோம்" என்றால் எனக்கு நக்கலாகப் பட்டது.

மத்தியானம் உனக்குப் பொறுமை போய்விட்டது. என் அடுத்த செய்தியை என் குரலிலேயே போய்ச் சொன்னாய். என் தோள் குலுக்கல், பதில் தெரியாதபோது நான் இருமும் கள்ள இருமல், எல்லாவற்றோடும். சுவருக்கு அப்பால் ஈரானே சிரித்தது. பிறகு இங்கே வந்து ஷிரினாக நின்றாய். தாடை உயர்ந்தது, விரல் மேசையில் தட்டியது, 'மாணவர்கள்' என்ற இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. அந்த இறக்கம் ஒரு செய்தியிலும் வரவில்லை. அவள் அழுகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நீ திரும்பவும் என் இருமலோடு அங்கே போகப் புறப்பட்டாய். உன்னை மறிக்க நான் கதவைத் திறந்தேன். எதிர்க் கதவும் அதே நேரம் திறந்தது. ஷிரினும் உன்னை ஏசத்தான் வந்தாள். "நான் அப்பிடியா கதைக்கிறனான்?" அவள் ஆங்கிலத்தில், நான் தமிழில், கேள்வி ஒன்றுதான்.

நீ சுவரில் சாய்ந்துகொண்டாய். "ரெண்டுபேரும் வெளியிலை வந்திட்டியள். ஆர் முதல் வந்தது எண்டு நான் பார்க்கேல்லை."

அங்கேயே தரையில் உட்கார்ந்து மாணவர்களுக்கான அந்த வரியை எழுதினோம். விதியை மீறினோம் என்று டீச்சர் மூவருக்கும் புள்ளி குறைத்தார். "புள்ளி போனா என்ன, முற்றுப்புள்ளி வைச்சிட்டமெல்லே," என்றாய். அந்தப் பகிடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். இன்னும் எரிச்சல்.

செய்தியில் நிஜ ஆட்கள் இன்னும் ஆளுக்கோர் அறையில்தான். ஷிரினின் அண்ணன் இன்னும் வரவில்லை.

இன்றும் அவள்தான் ஈரான். அமெரிக்காவுக்குத் தலைவன் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒருவன், டை எல்லாம் கட்டி. "முதலில் அவர்கள் மன்னிப்புக் கேட்கட்டும்," என்றான். சொல்லும்போது காது சிவந்தது, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். காது சிவக்க எனக்கு நடிக்கத் தெரியாது. நீ அதற்கும் ஒரு வழி வைத்திருப்பாய். நான் ஒரு பேனாவோடு ஷிரின் முன்னால் போய் நின்றேன். அவன் சொன்னதை அவனைப்போலவே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பேனா மூடியையே பார்த்தாள்.

"அவனுக்குப் பயமா?"

"ஓம்."

"எனக்கும் என்று சொல்லு."

நடைபாதையில் ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. நான் ஓடினேன், மச்சான். அவள் சொன்னதை, அவள் குரல் நடுங்கிய இடத்தோடு சேர்த்து, ஆறுவதற்குள் அந்தக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.